ஏரி மீனுக்குப் பூக்கேட்டது

எங்கள் ஊர் ஏரியில் மீன் செத்து மிதந்தபோது முதலில் சந்தோஷப்பட்டவர்கள் காக்கைகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும்தான். பள்ளிக்கூடம் ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. முதல் நாள் வாத்தியார் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பாடம் நடத்திப் பார்த்தார். மறுநாள் அவராலும் முடியவில்லை. மணியை அடித்து எங்களை வீட்டுக்கு விரட்டிவிட்டார். புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு கரையில் ஏறி நின்று பார்த்தோம். கெண்டை, கெளுத்தி, சிலேபி எல்லாம் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. காற்று அடித்தால் அத்தனையும் சேர்ந்து அசைந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது. லீவு கிடைத்த சந்தோஷம் வீடு போய்ச் சேரும்வரைகூட நிலைக்கவில்லை. வழியெல்லாம் பெரியவர்கள் கும்பல் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் ஊர் சேந்தமங்கலத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. கொல்லிமலையில் மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் வரும், ஓடை ஏரிக்கு வரும். சித்திரை பிறந்ததும் ஏரி வற்றி இடுப்பளவுக்கு இறங்கிவிடும். வைகாசியில் ஒரு நாள் தண்டோரா போட்டு, ஊரே ஏரிக்குள் இறங்கி மீன் பிடிப்பது வழக்கம். அன்றைக்கு உயர்ந்தவர் தாழ்ந்தவர் கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். யார் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கட்டிக்கொடுத்த பெண்கள் புருஷன் பிள்ளைகளோடு முந்தின நாளே வந்துவிடுவார்கள். தூரி, கூடை, பழைய வேட்டி, ஒன்றும் கிடைக்காதவர்களுக்கு வீட்டு முறம். முதலில் கிடைக்கும் விரால் ஏரிக்கரை முனியப்பனுக்கு. வருஷம் முழுக்கக் கறி எடுக்க வசதியில்லாத வீட்டிலும் அன்று சாயங்காலம் மீன் குழம்பு கொதிக்கும். அந்த நாளைத்தான் யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று ஊர் கொதித்தது. கோபத்தில் நியாயம் இருந்தது.

அந்த யாரோ என்பது என் அத்தை என்று மத்தியானத்துக்குள் முடிவாகிவிட்டது.

அத்தை அப்பாவின் அக்கா. மாமா காலமான பிறகு, தாத்தா கொடுத்திருந்த ஏரிக்கரைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்து தனியாகப் பண்ணயம் பார்த்தாள். ஊரே மரவள்ளிக் கிழங்கு போடும்போது அவள் மட்டும் பருத்தி போட்டாள். முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கும் பம்பை எங்கள் ஊரில் முதலில் வாங்கியவள் அவள்தான். வாங்கியதோடு நிற்காமல், கூலிக்கு ஆள் வராத நாளில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அவளே பருத்திக் காட்டுக்குள் இறங்கிவிடுவாள். அதைப் பார்க்க அப்போதெல்லாம் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வரப்பில் நின்றார்கள். வேடிக்கையாக அவளை மருந்துக்காரி என்று கூப்பிடுவார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். மீன் செத்த அன்று அதே பெயரை யாரும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

போன வாரம்தான் மருந்தடித்தாள் என்றார் ஒருவர். அடித்த பம்பை ஏரியில்தான் கழுவினாள், கண்ணால் பார்த்தேன் என்றார் இன்னொருவர். மருந்து டின்னில் மண்டையோட்டுப் படம் போட்டிருக்கிறதே, அது சும்மாவா போட்டிருக்கிறான் என்றார் மூன்றாமவர். விஷம் என்றால் எங்கள் ஊருக்குத் தெரிந்த விஷம் அதுதான். கடையில் வாங்குவது, டின்னில் வருவது, மண்டையோடு இருப்பது.

மணியக்காரர் கூட்டிய ஊர்க்கூட்டத்தில் பேசினார்கள். விசாரித்து முடியும்வரை அத்தையின் காட்டுக்கு யாரும் வேலைக்குப் போகக் கூடாது. குற்றம் அவள்மேல்தான் என்று ஆகிவிட்டால் ஏரிக்கரை வழியாக அவள் நடக்கவும் கூடாது, வண்டி ஓட்டவும் கூடாது. அந்தக் கரையை விட்டால் அவள் தோட்டத்துக்கு வேறு வழி கிடையாது. தோட்டத்தை விட்டுவிட்டுப் போ என்பதைத்தான் இவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள். பருத்தி வெடித்து நின்ற நேரம் அது. எடுக்க ஆள் வரவில்லை. இன்னொரு மழை வந்தால் அத்தனையும் கறுத்துப் போய்விடும்.

அம்மா என்னை அத்தை தோட்டத்துப் பக்கம் போகக் கூடாது என்றாள். அப்பா மட்டும், போகட்டும் விடு என்றார். பொதுவாகவே அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. ஆனால் அவர் ஒரு வார்த்தை பேசினால் ஊர் கேட்கும், ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் அவருடைய மில்லுக்குக் கிழங்கு போட்டார்கள், மீதிப் பாதிப் பேர் மில்லில் அந்தக் கிழங்குக்குத் தோல் உரித்தார்கள். அந்த ஒரு வார்த்தையை அவர் ஏன் கூட்டத்தில் பேசவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கூடப்பிறந்த அக்காவை இப்படிச் சொல்கிறார்களே என்று அழுதுகொண்டே அவரிடம் கேட்டேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டார்.

மில் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட ஒரு கொட்டகை, அரைக்கும் மிஷின், மாவு படிவதற்குச் சில தொட்டிகள், ஜவ்வரிசி காயவைக்கும் களம். கிழங்கை அரைத்துப் பாலாக்கித் தொட்டியில் விட்டால் மாவு அடியில் படியும். மேலே நிற்கும் தண்ணீரை வடித்துக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த பெரிய குழிக்கு விடுவார்கள். அந்தக் குழி கிடந்து கிடந்து புளிக்கும். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மூக்கைச் சுளிப்பார்கள். என்ன நாற்றம் என்று நாங்கள் உண்மையாகவே கேட்போம். பிறந்ததிலிருந்து அந்த வாசனைக்குள்ளேயே சோறு தின்று வளர்ந்தவர்களுக்கு அது எங்கே தெரியும்? ஏரி நாறியபோதும் எங்களுக்கு மீன் நாற்றம் மட்டும்தான் தெரிந்தது.

மீன் சாவதற்கு முன்னால் ஒரு மழை பெய்தது. கோடை மழை, சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. களம் முழுக்க ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஆணும் பெண்ணுமாக ஓடினார்கள். பின்னாலிருந்த குழி நிரம்பி, களத்துப் பக்கத்துக் கரை கரைய ஆரம்பித்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் நின்று, ஓடைப் பக்கம் வெட்டிவிடுங்கப்பா என்று கத்தினார். மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டியதும் குழித் தண்ணீர் மொத்தமும் வெள்ளை நுரையாகப் பொங்கிக்கொண்டு ஓடையில் இறங்கியது. நான் கொட்டகையில் நின்று கை தட்டினேன். களம் தப்பியது. அம்மா முனியப்பனுக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாள். மறுநாள் விடியற்காலை ஏரி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள்.

இப்போது சொல்லும்போது ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொல்ல வருகிறது. அன்றைக்கு எனக்கு அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சங்கதிகள். ஒன்று அப்பா களத்தைக் காப்பாற்றியது, இன்னொன்று மீன் செத்தது. எனக்கு மட்டுமில்லை, மண்வெட்டி பிடித்து வெட்டியவர்களுக்கும் அப்படித்தான். கிழங்குத் தழையைத் தின்ற ஆடு வயிறு உப்பிச் செத்துப்போவதை எங்கள் ஊரில் பார்க்காதவர்கள் கிடையாது. பச்சைக் கிழங்கைக் கடித்தால் முதுகில் அடி விழும். ஆனாலும் கிழங்கு என்பது சாப்பாடு, வருமானம், பெண்களுக்குத் தோடு. அதன் தண்ணீரைப் போய் விஷம் என்று நினைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

அத்தைக்கு வந்தது. நான் அவளோடு பருத்தி எடுக்கப் போன மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, மடியில் இருந்த பருத்தியைக் கொட்டிவிட்டு, வா சாமி என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். முதலில் தன் கிணற்றை எட்டிப் பார்த்தாள். மருந்தடித்த பம்பை அவள் கழுவியதெல்லாம் கிணற்று மேட்டில்தான், ஏரியில் அல்ல. கழுவிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள்தான் கசிந்திருக்கும். கிணற்றில் கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாகத் திரிந்துகொண்டிருந்தன. ஒரு பிடி தவிட்டைப் போட்டாள். துள்ளிக்கொண்டு வந்து தின்றன.

அங்கிருந்து ஓடை ஏரியில் சேரும் இடத்துக்குப் போய், ஓடைக்குள்ளேயே மேல்நோக்கி நடந்தோம். மழைத் தண்ணீர் வடிந்து ஆங்காங்கே குட்டையாகத் தேங்கியிருந்தது. ஒவ்வொரு குட்டையிலும் அத்தை நின்றாள். குச்சியால் கிளறினாள். கல்லைப் புரட்டிப் பார்த்தாள். நண்டு செத்துக் கிடந்தது. தவளைச் சத்தமே இல்லை. கற்களின்மேல் மாவு கரைத்த பாத்திரத்தைக் கழுவாமல் விட்டது மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. மில்லுக்குப் பின்னால் வந்தபோது அவள் நடையை நிறுத்தி, உடைத்துவிட்டு மறுபடி அடைத்திருந்த கரையைப் பார்த்தாள். அதையும் தாண்டி மேலே போனோம். அடுத்த குட்டையில் நான் காலை வைத்ததும் மீன்குஞ்சுகள் வந்து விரலைக் கடித்தன. எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அத்தை ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"என்னங்கத்தை?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சாமி. வெயிலு."

வெயில் அன்று அவ்வளவாக இல்லை.

நேராக மில்லுக்குப் போனாள். தோல் உரிக்கும் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார்கள். அப்பாவைத் தொட்டிகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். என்னைக் களத்திலேயே நிற்கச் சொன்னாள். நான் நிற்கவில்லை, காய்ந்த கிழங்குச் சக்கைத் திப்பிக் குவியலுக்கு இந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அத்தை குரலை உயர்த்தவில்லை. "என்ர கெணத்து மேல பம்பு கழுவறேன் தம்பி. கெணத்துல மீன் துள்ளுது. உன்ர மில்லுக்குக் கீழ ஒரு தவளகூட உசுரோட இல்ல. இத நான் போய் ஊருல சொல்லட்டுமா, நீயே சொல்றியா?"

அப்பா தொட்டியின் விளிம்பைத் துண்டால் துடைத்தார். பிறகு, திங்கிற பொருளில் என்ன அக்கா விஷம் இருக்கப் போகிறது என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. இந்த வருஷக் கிழங்கு பாதிதான் வந்திருக்கிறது, மீதி இன்னும் காட்டில் நிற்கிறது, இப்போது மில்லை மூடு என்று சொல்லிவிட்டால் ஊரில் அத்தனை பேர் கிழங்கும் மண்ணிலேயே அழுகும் என்றார். கொஞ்சம் பொறு அக்கா, நானே நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அத்தை சரி என்றாள். தம்பி சொன்னால் செய்வான் என்று அவள் நம்பினாள். அவர்கள் பேசியதில் எனக்கு விளங்கியது ஒன்றுதான். அப்பா அத்தைக்காகப் பேசப் போகிறார். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த நம்பிக்கையில்தான் அத்தை மணியக்காரரிடம் போனபோது தன் கிணற்றை மட்டும் காட்டினாள், ஓடையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஊரே வந்து அவள் கிணற்றை எட்டிப் பார்த்தது. மீன் துள்ளுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, நேற்றுக்கூடப் பிடித்து வந்து விட்டிருக்கலாம் என்றது.

நடுவில் சேலத்திலிருந்து ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். அஸ்தம்பட்டிப் பக்கம் ஆபீஸாம். இளவயசு, கண்ணாடி போட்டவர். ஏரித் தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்து மூடி போட்டார், செத்த மீனின் செவுளைப் பிரித்துப் பார்த்தார். இந்த ஓடை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். மலையிலிருந்து வருகிறது என்றார்கள். பொய் என்று சொல்ல முடியாது. மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு போட்டோம், வெளியூர் ஆள் வந்தால் எங்கள் வீட்டில் போடுவதுதான் வழக்கம். கோழி அடித்தார்கள். இலையில் உட்காரும்போது, இங்கே என்ன ஒரு மாதிரி புளித்த வாடை என்று அவர் கேட்டார். என்ன வாடை என்று நான்கைந்து பேர் ஒன்றாகக் கேட்டோம். அந்தப் பாட்டில்கள் பிறகு என்ன ஆயின என்று எங்கள் ஊரிலிருந்து யாரும் போய் விசாரித்ததாக எனக்குத் தெரியவில்லை.

மனுசன் சொன்னால் ஆளுக்கொன்று சொல்வான், முனியப்பனையே கேட்டுவிடலாம் என்று ஊர் முடிவு செய்தது. பூக்கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் உண்டு. கல்யாணம், கிணறு வெட்டு, மாடு வாங்குவது எதுவானாலும் கேட்பார்கள். ஒரு வெள்ளை அரளியை இலையில் பொதிந்து கட்டுவார்கள், ஒரு சிவப்பு அரளியை அதே மாதிரி பொதிந்து கட்டுவார்கள். இரண்டையும் குலுக்கிச் சாமி முன்னால் வைத்துவிட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். கேட்டதற்கு ஏற்றபடி வெள்ளைக்கு ஓர் அர்த்தம், சிவப்புக்கு ஓர் அர்த்தம். இந்தத் தடவை வெள்ளை வந்தால் அத்தை செய்யவில்லை, சிவப்பு வந்தால் அவள்தான்.

எடுக்கும் குழந்தையாக என்னை வைத்தார்கள். சிவப்பு வந்தால் வேறு யாரோ வேண்டுமென்றே எடுத்தார்கள் என்று அத்தை வீட்டார் சொல்லக் கூடாதல்லவா, அதனால் அவர்கள் வீட்டுப் பிள்ளையே எடுக்கட்டும் என்று மணியக்காரர் சொல்லிவிட்டார். எல்லோரும் நியாயம் என்றார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பூக்கேட்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. சிவப்புப் பூப் பொதி கொஞ்சம் கனமாக இருக்கும், தொட்டால் தெரியும் என்று என் அண்ணன் சொன்னான். அரளிப் பூவைப் பறித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சிவப்பை எடுத்தால் அத்தை ஊரை விட்டுப் போக வேண்டியதுதான், அதற்கு நீதான் காரணம் என்றும் அவனே சொன்னான். அப்பா எப்போது பேசுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காலையில் மில்லுக்குப் போனார், சாயங்காலம் வந்தார், சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முனியப்பன் கோயிலில் கூட்டம் நிற்க இடமில்லை. தலைக்கு ஊற்றி ஈரப் பாவாடையோடு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள் அம்மா. முனியப்பன் அரிவாளோடு, விழி பிதுங்க, ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அத்தை ஒருபுறம் தனியாக நின்றாள், அவளைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. அப்பா மணியக்காரருக்குப் பக்கத்தில் நின்றார். இப்போது பேசிவிடுவார் என்று பார்த்தேன். அத்தையும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பூசாரி கற்பூரத்தைக் கொளுத்தினார். கேள்வியை உரக்கச் சொன்னார். அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

எடு சாமி என்றார்கள்.

இரண்டு பொதியும் ஒன்று போலவே இருந்தன. முதலில் தொட்டது எது, எடுத்தது எது என்று எனக்கே தெரியாது. பூசாரி வாங்கி நாரைப் பிரித்தார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இலையை விரித்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

வெள்ளை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். இத்தனை நாள் மருந்துக்காரி என்று பல்லைக் கடித்தவர்கள், எங்களுக்குத் தெரியாதுங்களா அம்மிணி என்றார்கள். நாளைக்கே ஆளை அனுப்புகிறேன், பருத்தியை எடுத்துவிடலாம் என்று மணியக்காரர் சொன்னார். அத்தை முனியப்பனைக் கும்பிட்டு எழுந்தாள். அதோடு போயிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். அவள் போகவில்லை, நடுவில் வந்து நின்றாள்.

"இன்னொரு பூவும் கேட்டுருங்க," என்றாள் பூசாரியிடம். "நானில்லைன்னு சாமி சொல்லிருச்சு. அப்பறம் எதனாலன்னு தெரிய வேண்டாமுங்களா? மில்லுத் தண்ணியாலயான்னு கேளுங்க. ஆமான்னா செவப்பு, இல்லைன்னா வெள்ளை."

குலவை நின்றது. எல்லோரும் அப்பாவைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. ஒருவர் ஏரியைப் பார்த்தார், ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார், தோல் உரிக்கும் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டார்கள். பூசாரி கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மணியக்காரரைப் பார்த்தார். மணியக்காரர் காட்டிலும் கிழங்கு நின்றது.

அப்பாவின் முகம் வெளுத்திருந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, "கேக்கறதுன்னா கேளுங்க," என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அதெப்படிங்க," என்றார் மணியக்காரர். "ஒரு நாளைக்கு ஒரு பூதானுங்க. சாமிய அடிக்கடி சோதிக்கப்படாது."

ஆமாங்க, ஆமாங்க என்று நாலாபக்கமும் குரல் வந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாசியில் மணியக்காரர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இதே இடத்தில், வெள்ளை வரும்வரை மூன்று தடவை கேட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒருவேளை பெரியவர்கள் மறந்துவிட்டார்களோ என்று நினைத்து, "மாசியில மூணு பூக் கேட்டீங்களே," என்று சொல்ல ஆரம்பித்தேன். அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. கையில் விபூதி வாசனை அடித்தது. அவ்வளவு இறுக்கி அவள் என்னைப் பிடித்ததே கிடையாது.

பூசாரி கற்பூரத்தை அணைத்துவிட்டார். மிச்சமிருந்த அரளிப் பூக்களைப் பெண்களுக்குக் கொடுத்தார். கோடைச் சூட்டில் மீன் சாவது உண்டுதான், தண்ணீர் ரொம்பக் குறைந்துவிட்டது என்று ஒருவர் ஆரம்பித்தார். போன தலைமுறையில்கூட ஒரு தடவை நடந்ததாம் என்று இன்னொருவர் சொன்னார். ஏரிக்கரையை விட்டு இறங்குவதற்குள் கோடைச் சூடுதான் காரணம் என்று ஆகிவிட்டது. அப்பா சொன்னது யார் காதிலும் விழாத மாதிரி, அவரவர் அவரிடம் வந்து, வாரேனுங்க என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அத்தை கடைசிவரை அங்கேயே நின்றாள். நான் ஓடிப்போய், வெள்ளைதானுங்கத்தை வந்துச்சு என்றேன். அவள் குனிந்து என் கன்னத்தைத் துடைத்தாள். அழுதுகொண்டிருந்தது அவள்தான், என் கன்னம் அப்போது காய்ந்துவிட்டிருந்தது.

அம்மா முன்னால் வேகமாகப் போய்விட்டாள். நானும் அப்பாவும் வரப்பு வழியாகப் பின்னால் நடந்தோம். இரண்டு பக்கமும் கிழங்குக் காடு. பொழுது விழுந்துகொண்டிருந்தது. மில்லில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அப்பா என் கையைப் பிடித்திருந்தார். நல்ல வேலை செய்தாய் என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன்.

பாதி வழியில் அவர் கேட்டார். "அத்தை கேட்டாளே, அந்தப் பூவையும் வெச்சிருந்தா என்ன வந்திருக்கும் சாமி?"

இதில் யோசிக்க எனக்கு ஒன்றுமே இல்லை. "வெள்ளைதானுங்கப்பா," என்றேன். "நாந்தான எடுத்திருப்பேன்."

அப்பா நின்றுவிட்டார். குனிந்து என் கையைத் திருப்பி, உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார். மறுபடி நடக்க ஆரம்பித்தபோது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். என் கை வியர்த்து ஈரமாக இருந்ததால்தான் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். பாவாடையில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஓடிப்போய் மறுபடியும் நீட்டினேன்.